ரங்கூனில் ஆறு இரவு

புதன், ஆகஸ்ட் 7, 2019

பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்தில் ஏறியவள் ஒன்றேகால் மணி நேரத்தில் ரங்கூனில் இறங்கிவிட்டேன். கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பிக்கொண்டேன். வெளியே மழை. இதை எழுதும் இந்த ராத்திரி 11 மணி வரை அது நிற்கவே இல்லை.

எதற்கு வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். போன மாதம் பள்ளி மாறினேன். அங்கே வேலை விசா பள்ளியோடு சேர்ந்தது. பள்ளியை விட்டால் விசாவும் போய்விடும். புதிய பள்ளி கொடுத்த காகிதங்களை எடுத்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் போய், அங்குள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் புது விசா வாங்கித் திரும்ப வேண்டும். விசா ரன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். என்னோடு வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வியன்டியானுக்கோ பினாங்குக்கோ போவார்கள். நான் ரங்கூனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெரியம்மா. அம்மாவின் பெரியப்பா மகள். 67 வயது. இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே இருப்பவர். நான் நேரில் பார்த்ததே இல்லை.

பர்மாவுக்குள் வர இந்தியக் கடவுச்சீட்டுக்கு இ-விசா 50 டாலர், 28 நாள் தங்கலாம். அதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் தங்குமிடத்தில்தான்.

"வீட்டுக்கு வந்துடு" என்று பெரியம்மா போனில் முதலில் சொன்னார். அரை நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "முடியாதும்மா, நீ விடுதிலதான் தங்கணும், சட்டம் அப்படி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. வெளிநாட்டவர் இங்கே உரிமம் உள்ள விடுதியில்தான் இரவு தங்க வேண்டும், சொந்தக்காரர் வீடானாலும் சரி. அதனால் இணையத்தில் தேடி, 15 டாலருக்கு ஒரு அறையைப் பதிவு செய்து வைத்தேன். பணத்தை அங்கே போய்க் கொடுத்தால் போதும்.

விமான நிலையம் மிங்கலாடோனில் இருக்கிறது, நகரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். டாக்சிக்காரர்கள் 8,000, 10,000 கியாட் என்று கேட்டார்கள். ஒரு டாலருக்கு 1,500 கியாட் சொச்சம் கிடைக்கிறது. சூலே பகோடா வரை போகும் பேருந்துக்கு 500 கியாட்தான். அதில் ஏறினேன். ஏசி ஓடியது, பையை வைக்கவும் இடம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பதிவு செய்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரங்கூன் நடு நகரத்தில் அது சகஜம்தான். தெருவிலிருந்தே நேரே செங்குத்தாக ஏறும் மாடிப்படி, ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அறைக்கு ஜன்னல் இல்லை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம், இந்த விலைக்கு இந்த ஊரில் பாதி அறைகள் அப்படித்தான். ஆனால் உள்தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன், திருகாணியோடு கையில் வந்துவிட்டது. "ராத்திரி கீழே கிரில் கேட்டைப் பூட்டுவீர்களா, சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டேன். பூட்டிவிடுவோம், சாவிக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்றான் அந்தப் பையன். ஒரே படிக்கட்டு, அடியில் பூட்டு, சாவி வேறு தெருவில். ராத்திரி தீப்பிடித்தால் யார் எங்கே போவது? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பெண்கள் தனியாகத் தங்கும்போது விலையையும் படத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்வேன். படிக்கட்டைப் பாருங்கள், தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வாசல் சாவி எங்கே என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த விடுதி வாசலில் பர்மிய எழுத்தில் மட்டுமே பலகை இருந்தது. உள்ளே போனேன். சுத்தமான இடம், ஒரு வயதான தம்பதி நடத்துகிறார்கள். என் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அந்த ஐயா இரண்டு கையையும் விரித்துவிட்டார். வெளிநாட்டவரைத் தங்கவைக்க அவர்களுக்கு உரிமம் இல்லை. எனக்குக் குடை இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து, பைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

நடந்து நடந்து காளி கோவில் பக்கம் வந்துவிட்டேன். அனவ்ரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் நடுவில், கொன்சேடான் தெருவில் இருக்கிறது. கோபுரத்துப் பொம்மைகள் மழையில் நனைந்து பளபளவென்று நின்றன. வாசலில் பூக்கடை அக்கா. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, இடுப்பில் பர்மாக் கைலி, தலையில் மல்லிகை. நான் போனில் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டிருப்பார் போல.

"எந்த ஊரு?"

விருதுநகர் என்றேன்.

"எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். நான் போனதில்ல. ரூம் கிடைக்கலயா? அந்தக் குறுக்குத் தெருவுல போ. மூணாவது கட்டடம், நாலாவது மாடி. அங்க ஒரு பொம்பள உக்காந்திருக்கும். கோவிலுக்கு வர்ற பொண்ணுங்க அங்கதான் தங்கும்."

போனேன். மேசையில் இருந்தது ஐம்பது வயது பர்மிய அம்மா. 22 டாலர், காலைச் சாப்பாடு சேர்த்து. தாழ்ப்பாள் இரும்பில் இருந்தது. ஜன்னல் தெருவைப் பார்த்தது. மாடிப்படி கேட்டின் சாவி அறைச் சாவியோடு அதே வளையத்திலேயே கோத்திருந்தது. அதைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. கடவுச்சீட்டையும் விசாப் பக்கத்தையும் பிரதி எடுத்தார்கள். தங்குபவர் பட்டியலை விடுதிக்காரர்கள் தினமும் அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும்.

ஏழு டாலர் கூடுதல்தான். மூன்று ராத்திரிதானே, பரவாயில்லை. கதவுக்கடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதையும் செருகிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

வியாழன், ஆகஸ்ட் 8

என் கணக்கு தப்பிவிட்டது.

காலையில் பியே சாலைக்கு நடந்தே போனேன். தாய்லாந்துத் தூதரகம் அங்கேதான், தேசிய அருங்காட்சியகம் இருக்கும் அதே சாலையில். வரிசையில் எனக்கு முன்னால் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர், அவரும் பாங்காக்கில் ஆசிரியை. இரண்டு பேரும் பள்ளிக் காகிதங்களை மாற்றி மாற்றிச் சரிபார்த்துக்கொண்டோம். கட்டணம் கட்டினேன், கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ரசீதில் திரும்பப் பெறும் நாள் 13, செவ்வாய்.

சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் ஆகஸ்ட் 12, தாய்லாந்தில் அரசித் தாயார் சிறிகிட் பிறந்தநாள். அங்கே அதுதான் அன்னையர் தினம். தூதரகங்கள் தங்கள் நாட்டு விடுமுறைக்கும் மூடியிருக்கும், இருக்கிற நாட்டு விடுமுறைக்கும் மூடியிருக்கும். நான்கு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்ட் 12க்கும் பிள்ளைகள் அம்மா காலில் மல்லிகை வைத்து வணங்குவதைப் பள்ளியில் பார்த்திருக்கிறேன். இங்கே வர டிக்கெட் போடும்போது அது ஞாபகம் வரவில்லை. எங்கே விசாவுக்குப் போனாலும் இரண்டு நாட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி பாருங்கள்.

மூன்று இரவு ஆறு இரவு ஆயிற்று. டிக்கெட்டை மாற்றவும் பணம் போயிற்று.

அதைவிட முக்கியமான ஒன்று தூதரக வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. கடவுச்சீட்டு கையில் இல்லை. இனி வேறு விடுதிக்கு மாறவும் முடியாது. புதிதாக வரும் வெளிநாட்டவரிடம் அசல் கடவுச்சீட்டும் விசாவும் பார்க்காமல் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். நேற்று அந்தத் தாழ்ப்பாள் இல்லாத அறையில், ஒரு ராத்திரிதானே என்று படுத்திருந்தால், செவ்வாய் வரை அதிலேயே கிடந்திருக்க வேண்டும். விசாவுக்குப் போகிறவர் தங்குமிடத்தை முடிவு செய்ய வேண்டியது கடவுச்சீட்டைக் கொடுப்பதற்கு முன்னால். கூட நாலு நாள் தங்க நேர்ந்தாலும் இங்கே இருப்பேனா என்று கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டிய அறை அது.

ஒன்று மட்டும் சரியாகச் செய்திருந்தேன். கொடுப்பதற்கு முன்னால் முகப்புப் பக்கம், பர்மா விசா, நுழைவு முத்திரை எல்லாவற்றையும் நான்கு பிரதி எடுத்து வைத்திருந்தேன். ரசீதையும் ஒரு பிரதி எடுத்து விடுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோப்பில் குத்திவிட்டு, "ஹொக்கே, ஹொக்கே" என்று தலையாட்டினார்.

அப்புறம் விலை பேசினேன். மழைக்காலம், பாதி அறை காலி. ஐந்து இரவுக்கும் மொத்தமாக இப்போதே தருகிறேன், 17 ஆக்குங்கள் என்றேன். 20 என்றார். 18ல் நின்றோம். நான் நீட்டிய நோட்டுகளில் ஒரு 20 டாலர் நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. அதை மட்டும் இரண்டு விரலால் திருப்பித் தள்ளிவிட்டார். இந்த ஊரில் டாலர் இஸ்திரி போட்ட மாதிரி இருக்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஆக நேற்றைய 22, மேலே 90. மொத்தம் 112 டாலர். 45தான் நினைத்து வந்தது. சாப்பாட்டில் பிடித்தம் செய்யலாம் என்று நினைத்தபடி பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். பிடித்தம் செய்யத் தேவையே இருக்காது என்று அப்போது தெரியாது.

பெரியம்மா இருப்பது ஐந்தாவது மாடி. முழங்கால் வலி, அதனால் அவர் இறங்குவதே வாரத்துக்கு ஒரு தடவை. இங்கே ஒவ்வொரு மாடி வராந்தாவிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப். காலைப் பேப்பர், காய்கறி, மருந்து, எல்லாம் அந்தக் கிளிப்பில் மாட்டினால் மேலே போய்விடும். மேல் நுனியில் மணி கட்டியிருப்பார்கள். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். தெரு முழுக்க இப்படிக் கயிறுகள். பெரியம்மா கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார். இழுத்தேன். மேலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அம்மாவின் நெற்றி அப்படியே.

மேலே போனதும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சாப்பாடு போட்டார். சோறு, பருப்பு, ங்கப்பி என்னும் மீன் விழுது போட்ட கத்திரிக்காய். கருவாட்டுக் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு ங்கப்பி புதிதில்லை.

"வீட்ட வச்சுக்கிட்டு, தங்கச்சி மக ஓட்டல்ல படுக்குறா."

இதை மூன்று தடவை சொன்னார். நான் சட்டம்தானே பெரியம்மா என்றேன். அப்போதுதான் அவர் சின்ன வயசுக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பட்டியல் என்று ஒன்று வார்டு ஆபீசில் இருக்கும். அதில் இல்லாத யாராவது ராத்திரி தங்கினால் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நடு ராத்திரி வந்து கதவைத் தட்டி ஆளை எண்ணுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சிரியத்திலிருந்து வந்த மாமா ஒருவர் கடைசிப் படகைத் தவறவிட்டு இவர்கள் வீட்டில் படுத்துவிட்டாராம். அன்றைக்கென்று தட்டினார்கள். தாத்தாவைக் கூட்டிப்போய் விடியும் வரை உட்காரவைத்தார்கள். அதிலிருந்து இந்த வீட்டில் விருந்தாளி என்றால் இருட்டுவதற்கு முன் அனுப்பிவிடும் வழக்கம் வந்துவிட்டது. 2016ல் உள்ளூர்க்காரர்களுக்கு இந்தப் பதிவு தளர்ந்துவிட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரிக்கு இன்னும் கதவு மூடித்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நான் தங்கை மகள், வார்டு ஆபீசுக்கு வெளிநாட்டவள்.

ஆறு மணிக்கு, "இருட்டிடும், போ" என்று அவரே எழுப்பிவிட்டார். நான் தெருவில் இறங்கி நின்றதும் மேலிருந்து கூப்பிட்டார். கயிற்றில் ஒரு துணிப்பை இறங்கி வந்தது. உள்ளே ஒரு போர்வை, நீலக் கட்டம் போட்டது, நாப்தலின் வாசனையோடு.

"என் வீட்டுலதான் படுக்க முடியல. என் வீட்டுத் துணியிலயாவது படு."

அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளி, ஆகஸ்ட் 9

ஆடி வெள்ளி. காலை ஆறு மணிக்கே கோவில் நிறைந்துவிட்டது. 1871ல் தமிழர்கள் கட்டிய கோவில் இது. பாவாடை தாவணி ஒன்றிரண்டுதான், மற்றவர்கள் எல்லாம் பர்மாக் கைலியும் சட்டையும், தலை நிறையப் பூவும். பிள்ளைகள் தங்களுக்குள் பர்மிய மொழியில் பேசிக்கொள்கிறார்கள். அம்மன் பாட்டு தொடங்கியதும் ஒரு பெண் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். பர்மிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துத் தமிழில் பாடினாள். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூழ் ஊற்றினார்கள், வெங்காயமும் மாவடுவும். பூக்கடை அக்கா என்னை ஐந்தாறு பேருக்கு அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எங்க தங்கியிருக்க?" சொன்னதும், "ம், நல்ல இடம்" என்று தலையாட்டினார்கள். இந்தத் தலையாட்டலை விட நல்ல சான்று எந்த விடுதிக்கும் வேண்டியதில்லை. அறை தேடும்போது அந்தத் தெருவில் பூ விற்கிற பெண், டீக்கடைக்காரர், இவர்களைக் கேளுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் அந்தப் படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மண்டபத்தில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்தேன். தமிழர்கள் இந்த ஊருக்கு வந்தால் தங்குவதற்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "மொகல் தெருவுல கிட்டங்கி இருந்துச்சே" என்றார். இன்றைய ஷ்வே பொந்தா தெருதான் மொகல் தெரு. கிட்டங்கி என்றால், செட்டியார்கள் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி போட்டு உட்கார்ந்து பகலில் கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். ராத்திரி அந்தப் பெட்டி பக்கத்திலேயே பாயை விரித்துப் படுப்பார்கள். கப்பலில் புதிதாக வந்த அடுத்தாளுக்கும், அதாவது கடை உதவியாளுக்கும், அங்கேயே பாய், அங்கேயே சாப்பாடு. ஊரிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும்.

"இப்போ?"

"1964ல கடைய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அம்பது ரூவா, நூறு ரூவா நோட்டு செல்லாதுன்னுட்டான். அப்புறம் யார் இருக்கா, யாருக்குப் பாய் விரிக்க?"

கியாட்டை இவர்கள் இன்னும் ரூவா என்றுதான் சொல்கிறார்கள். என் தாத்தா அதற்கு அடுத்த வருடம் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார். அவருடைய அண்ணன், பெரியம்மாவின் அப்பா, ஏற மறுத்துவிட்டார். எதனால் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நேற்று பெரியம்மாவைக் கேட்டேன். "பாட்டி நடக்க முடியாம படுத்திருந்தாங்க. அவங்கள எங்க விட்டுட்டுப் போறது?" என்றார். அவ்வளவுதான் காரணம். ஐம்பது சொச்சம் வருடத்துக் கதை அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

சனி, ஆகஸ்ட் 10

இன்று எழுத அதிகம் தெம்பில்லை.

நேற்று மோன் மாநிலத்தில், பாவுங் பக்கம் ஒரு கிராமத்தில் மலை சரிந்து வீடுகள் புதைந்துவிட்டன. மோல்மேனிலும் வெள்ளம். இறந்தவர் எண்ணிக்கை மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது. கோவிலில் பலருக்கும் தாட்டோனிலும் மோல்மேனிலும் சொந்தங்கள். பெரியம்மா காலையிலிருந்து போனை வைக்கவே இல்லை. மதியம் வரை கொழுந்தனார் வீட்டில் எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தரைத்தளத்தில் தண்ணீர், எல்லோரும் மாடியில் இருக்கிறார்கள்.

வார இறுதிக்கு மோல்மேன் போய்வரலாம் என்று வியாழக்கிழமை ஒரு யோசனை இருந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் அங்கே யாரும் அறை தர மாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஏழரைக்கு மின்சாரம் போயிற்று. "மீ பியெட்" என்று தெரு முழுக்க ஒரே குரல். ஜெனரேட்டர் உள்ள கடைகளில் மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. விடுதி அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி டார்ச் கொடுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து அறைப் பெண் பயந்து போயிருந்தாள். இரண்டு பேருமாகக் கீழே இறங்கி, கேட்டை எங்கள் சாவியாலேயே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினோம். திறந்து பார்த்ததே போதுமாக இருந்தது, மேலே வந்து நிம்மதியாக உட்கார்ந்தோம். பத்து மணிக்கு விளக்கு வந்ததும் எதிர்க் கட்டடத்திலிருந்து பிள்ளைகள் "மீ லாபி!" என்று கத்தினார்கள்.

திங்கள், ஆகஸ்ட் 12

நேற்று எழுதவில்லை. நேற்றுக்கும் சேர்த்து இன்று.

தூதரக வரிசையில் பார்த்த அந்தப் பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஞாயிறு காலையில் அனவ்ரதா சாலையில் எதிரே வந்தார். அவர் இருப்பது ஒரு ஹாஸ்டலில், பத்துப் பேர் படுக்கும் பொது அறை, ஆணும் பெண்ணும் சேர்ந்து. ராத்திரிக்கு 9 டாலர். தூக்கமே இல்லை என்றார். மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு முழங்கை வரை. என் விடுதியில் இரட்டைக் கட்டில் அறை 24 டாலர். ஆளுக்கு 12. அவருக்குப் பாதுகாப்பு, எனக்கு ஆறு டாலர் மிச்சம். முன்பின் தெரியாதவரோடு அறையைப் பகிர்வது எனக்குச் சட்டென்று வராது. ஆனால் இவரோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன், இவர் வேலை பார்க்கும் பள்ளியும் தெரியும். சரி என்றேன்.

விடுதி அம்மா முடியாது என்றுவிட்டார். காரணம் அதேதான், கடவுச்சீட்டு. பிரதியும் ரசீதும் காட்டினோம். நான் ஏற்கனவே பட்டியலில் இருப்பவள், அதனால் ரசீது போதும். இவர் புதிதாகச் சேர்பவர், அசல் வேண்டும். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டார், மறுபடியும் இல்லை. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோதனைக்கு வந்தால் உரிமம் போவது அவர்களுக்குத்தான். வியாழக்கிழமை வரிசையில் நிற்கும்போதே, கடவுச்சீட்டு எங்கள் கையில் இருந்தபோதே, "எங்கே தங்கியிருக்கீங்க?" என்று நான் கேட்டிருந்தால் இவர் நான்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார். அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

அவருடைய ஹாஸ்டலுக்கே போய், பெண்கள் மட்டும் படுக்கும் அறைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டார்கள், மாற்றினார்கள். அதே கூரைக்குள் மாறுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. சூரத்தி பஜாரில் வேப்பிலை வாங்கி மெத்தைக்கடியில் பரப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஜாருக்கு இப்போது பெயர் தேயிஞ்சி சேய். பெரியம்மாவுக்கு அது சூரத்திதான்.

ராத்திரி தனியாக நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஐந்து நாளில் யாரும் என்னைப் பின்தொடரவில்லை, கையைப் பிடிக்கவில்லை, கூப்பிடவில்லை. நான் பயந்ததெல்லாம் உடைந்த நடைபாதைப் பலகைக்கும், அதன் அடியில் ஓடும் சாக்கடைக்கும், ஒன்பது மணிக்கு மேல் தெருவைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும் நாய்களுக்கும்தான். விடுதி பெரிய சாலையிலிருந்து மூன்றாவது கட்டடம் என்பது அப்போது எவ்வளவு உதவி என்று தெரிந்தது. குறுக்குத் தெருவின் உள்ளே தள்ளி இருந்தால், 5 டாலர் குறைவானாலும் நான் எடுக்க மாட்டேன்.

இன்று முழுக்க மழை. பெரியம்மாவின் போர்வையைத் துவைத்து ஜன்னலில் கட்டினேன், சாயங்காலம் வரை ஈரம் அப்படியே இருக்கிறது. சென்னையைப் போல இரண்டு பங்கு மழை பெய்யும் ஊரில் ஆகஸ்டில் துவைத்தது காயும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

செவ்வாய், ஆகஸ்ட் 13

பிற்பகல் தூதரகம் திறந்தது. விசா ஒட்டிய கடவுச்சீட்டு கையில் வந்தது. பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கும் வந்தது. வாசலிலேயே கட்டிக்கொண்டோம். பாங்காக்கில் இரண்டு பேர் பள்ளிக்கும் நடுவில் ஆறே ரயில் நிறுத்தம்.

விடுதி அம்மாவிடம் விடைபெறப் போனபோது, அவருடைய பெயரையும் போன் எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை இணையத்தில் பதிவு செய்யாமல் நேராகக் கூப்பிடச் சொன்னார். பூக்கடை அக்கா ஒரு முழம் மல்லிகை கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் "செசூபே" என்றேன். "தமிழ்ல சொல்லு" என்றார். நன்றி அக்கா என்றேன்.

விமான நிலையப் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பெரியம்மா வீட்டுக்குக் கீழே போய்ச் சிவப்புத் துணி கட்டிய கயிற்றை இழுத்தேன். காலையில் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. இன்னொரு தடவை ஏறினால் இறங்க மனசு வராது என்று கீழேயே நின்றேன். போர்வையை மடித்துத் துணிப்பையில் வைத்துக் கிளிப்பில் மாட்டினேன். இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. பை மேலே போயிற்று. நாலாவது மாடி வராந்தாவில் ஒரு பையன் அதை எட்டித் தொட்டுப் பார்த்தான்.

மேலே போன பை திரும்பி இறங்கி வந்தது. உள்ளே எலுமிச்சை சாதப் பொட்டலம், லெபெட் என்னும் ஊறவைத்த தேயிலை ஒரு பாக்கெட், அம்மாவுக்கு என்று ஒரு பர்மாக் கைலி. அதற்கு அடியில் அந்த நீலக் கட்டம் போட்ட போர்வை.

"பெரியம்மா, இது உங்களுது!"

"ஈரத்தோட எதுக்கு எனக்கு? அங்க வெயில் இருக்கும்ல, காய வச்சு எடுத்துட்டு வா!"

எதிர் வராந்தாக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெருமுனை திரும்பும்போதும் அந்தச் சிவப்புத் துணி மழையில் ஆடிக்கொண்டிருந்தது.